குழந்தைகளுக்கான வானியல் இணையதளத்தைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது எப்படி? சென்னைப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளைகளுக்கு வானத்தைப் பற்றிச் சொல்லித்தரும் இணையதளங்கள் இன்று ஏராளம். இலவசமானவை உண்டு, சந்தா கேட்பவை உண்டு. படம் அழகாக இருக்கிறதா, பிள்ளை ஆசையாகப் பார்க்கிறதா என்பதை வைத்துத்தான் நம்மில் பலர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். அது போதாது. மற்றப் பாடங்களுக்கு இல்லாத ஒரு வசதி வானியலுக்கு இருக்கிறது. தளம் சொல்வது சரியா என்று மொட்டை மாடிக்கு ஏறி நாமே பார்த்துவிடலாம். இந்த வழிகாட்டியில் பாதி அந்த வசதியை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது. எவ்வளவு பெரிய நிறுவனம் நடத்தினாலும் சரி, சென்னையில் தெரியும் வானத்தோடு பொருந்தாத தளம் நம் பிள்ளைக்குப் பாதி உதவிதான் செய்யும்.

எட்டு முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்துச் சொல்கிறேன். முதல் நான்கு படிகளைப் பிள்ளை பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள். மீதியை இருவரும் சேர்ந்து செய்யலாம்.

படி 1: யார் நடத்துகிறார்கள்?

தளத்தில் "எங்களைப் பற்றி" பக்கத்தைத் திறங்கள். ஒரு விண்வெளி நிறுவனமோ, பல்கலைக்கழகமோ, கோளரங்கமோ, பெயர் சொல்லும் ஆசிரியர் குழுவோ பின்னால் இருந்தால் நல்ல தொடக்கம். நாசாவின் ஸ்பேஸ் பிளேஸ், ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சிறுவர் பக்கங்கள் போன்றவை இந்த வகை. தனி ஆள் நடத்தும் தளமும் அருமையாக இருக்கலாம். ஆனால் அவர் யார், என்ன படித்தவர், தகவலை எங்கிருந்து எடுத்தார் என்பது தெரிய வேண்டும். யார் எழுதியது என்றே தெரியாத பக்கத்தை நான் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன்.

தமிழில் தேடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. "சனி", "குரு", "நட்சத்திரம்" என்று தேடினால் முதல் பக்கம் முழுக்க ராசிபலனும் பெயர்ச்சிப் பலனும்தான் வந்து நிற்கும். "சனிக் கோளின் வளையங்கள்", "வியாழனின் நிலவுகள்" என்று இரண்டு மூன்று சொற்களாகத் தேடினால் வடிகட்டிவிடலாம். ஒரே தளம் ஒரு பக்கத்தில் வியாழனின் விட்டத்தையும் அடுத்த பக்கத்தில் குருப் பெயர்ச்சியால் வரும் லாபத்தையும் சொன்னால் தயங்காமல் மூடிவிடுங்கள். வீட்டில் ஜாதகம் பார்ப்பது உங்கள் விருப்பம். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுத்தால், எது அளந்து பார்த்துச் சொன்னது, எது நம்பிக்கை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கமே வராது.

இதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். "உங்கள் குழந்தையின் பெயரை ஒரு நட்சத்திரத்துக்கு வையுங்கள்" என்று பணம் வாங்கிச் சான்றிதழ் தரும் விளம்பரங்கள் சில இடங்களில் ஓடும். விண்பொருள்களுக்கு முறைப்படி பெயர் ஏற்பது சர்வதேச வானியல் ஒன்றியம்தான். அது பெயர்களை விற்பதில்லை. இதைத் தானே விற்கும் தளத்தில் வேறு எதையும் சோதிக்க வேண்டியதில்லை.

படி 2: எப்போது எழுதியது?

வானியல் தகவல் சீக்கிரம் பழசாகும். பத்து நிமிடத்தில் முடியும் சோதனை இது. மூன்று பக்கங்களைத் திறந்தால் போதும்.

முதலில் சனி. 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 புதிய நிலவுகள் சேர்ந்து, சனியின் கணக்கு 274 ஆனது. 62 என்றோ 82 என்றோ இன்னும் போட்டிருக்கும் பக்கம் பல வருடங்களாகத் தொடப்படவில்லை என்று அர்த்தம். எண் எதுவாக இருந்தாலும், "இந்த ஆண்டு நிலவரப்படி" என்று பக்கத்திலேயே சொல்லும் தளத்துக்கு என் மதிப்பு அதிகம். அறிவியலில் எண்ணிக்கை மாறும் என்பதை அந்த ஒரு வரியே பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

அடுத்து புளூட்டோ. 2006 ஆகஸ்டில் அது குறுங்கோள் ஆனது எல்லாத் தளங்களிலும் இருக்கும். ஏன் ஆனது என்று விளக்குகிறார்களா என்று பாருங்கள். புளூட்டோ இருக்கும் பகுதியில் அதைப் போன்ற பல பொருள்கள் கண்டுபிடிக்கப்பட்டன, அவற்றில் ஒன்றான ஏரிஸ் கிட்டத்தட்ட அதே அளவு, தன் பாதையில் உள்ள மற்றவற்றை அகற்றும் அளவுக்குப் புளூட்டோ பெரிதில்லை என்ற கதை வர வேண்டும். "பாவம், புளூட்டோவைத் தள்ளிவிட்டார்கள்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது பிள்ளையைச் சிரிக்க வைக்கும், சிந்திக்க வைக்காது.

மூன்றாவது இந்தியா. சந்திரயான்-3 நிலவில் இறங்கியது 2023 ஆகஸ்ட் 23. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலம் புறப்பட்டது அதே ஆண்டு செப்டம்பர் 2. வெளிநாட்டுத் தளங்களில் இவை ஒரு வரியாகவாவது இருக்கின்றனவா? இல்லையென்றாலும் தள்ளிவிட வேண்டாம். அந்த இடத்தை நீங்கள் நிரப்ப வேண்டியிருக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தியத் தளமே சந்திரயான்-2 உடன் நின்றுபோயிருந்தால், தளத்தைக் கவனிக்க ஆள் இல்லை என்றுதான் பொருள்.

படி 3: மூன்று பழைய தவறுகள்

எண்கள் தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். கருத்து தப்பாகப் பதிந்தால் பிள்ளை கல்லூரி போன பிறகும் போகாது. அதனால் இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள்.

பருவகாலம் பற்றிய பக்கத்தை எடுங்கள். பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகும்போது கோடை, தள்ளிப் போகும்போது குளிர்காலம் என்று எழுதியிருந்தால் தவறு. சொல்லாமல் விட்டு, பூமியின் பாதையை நீண்ட முட்டை வடிவத்தில் வரைந்திருந்தாலும் பிள்ளைக்கு அதே தவறான எண்ணம்தான் வரும். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். அதாவது நாம் மார்கழிக் குளிரில் கோலம் போடும் நாட்களில். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில். பாதை ஏறக்குறைய வட்டம்தான். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பது. பிள்ளை கிரிக்கெட் பார்க்குமானால் வேலை சுலபம்: கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மெல்போர்னில் தொடங்கும் டெஸ்டில் ரசிகர்கள் தொப்பி போட்டு வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். தூரம்தான் காரணம் என்றால் அங்கேயும் இங்கேயும் ஒரே நேரத்தில் அல்லவா கோடை வர வேண்டும்?

அடுத்தது பிறைகள். பூமியின் நிழல் விழுவதால் நிலா தேய்கிறது என்று சில தளங்கள் எழுதுகின்றன. நிழல் விழுவது சந்திர கிரகணத்தில் மட்டும், அதுவும் பௌர்ணமி அன்று மட்டும். இதை மாடியிலேயே தீர்த்துவிடலாம். வளர்பிறை அஷ்டமி அன்று சூரியன் மறையும் நேரத்தில் அண்ணாந்து பாருங்கள். பாதி நிலா ஏறக்குறைய உச்சியில் நிற்கும். சூரியன் மேற்கே இருக்கிறது, அப்படியானால் பூமியின் நிழல் கிழக்குப் பக்கம்தான் போகும். உச்சியில் இருக்கும் நிலா மேல் அது எப்படி விழும்? பிள்ளையே பதில் சொல்லிவிடும். நிலாவில் எப்போதும் ஒரு பாதியில் வெயில் படுகிறது, அந்தப் பாதியில் நமக்குத் தெரியும் பங்குதான் மாறுகிறது என்று தளம் விளக்க வேண்டும்.

மூன்றாவது, விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசையே இல்லை என்பது. நிலையம் இருக்கும் 400 கிலோமீட்டர் உயரத்தில், தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீத ஈர்ப்பு இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால்தான் மிதக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கு இது கடினம்தான், அதனால் சுருக்கமாகச் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். முதல் இரண்டில் தவறு இருந்தால் மன்னிக்க மாட்டேன்.

படி 4: படங்கள்

சூரியக் குடும்பப் படம் எல்லாமே ஏதோ ஒரு வகையில் பொய் சொல்லும். அளவையும் தூரத்தையும் சேர்த்துச் சரியாக ஒரு திரைக்குள் அடக்கவே முடியாது. "இந்தப் படம் அளவுப்படி வரையப்பட்டதல்ல" என்று தளம் ஒப்புக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி.

ஒப்புக்கொள்ளாவிட்டால் நீங்கள் செய்து காட்டுங்கள். பூமி ஒரு டென்னிஸ் பந்து என்றால் நிலா ஒரு கோலிக்குண்டு. இரண்டுக்கும் இடையே இரண்டு மீட்டர், அதாவது முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கும் தூரம். கோலியை எங்கே வைப்பாய் என்று முதலில் பிள்ளையைக் கேளுங்கள். பெரும்பாலும் பந்தை ஒட்டியே வைக்கும், படங்கள் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. அதே அளவில் சூரியன் ஏழு மீட்டருக்கு மேல் அகலம், ஒரு மாடி வீட்டை விட உயரம். அதை வைக்க மெரினா மணலில் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்.

படத்தின் கீழே யார் எடுத்தது, எந்தத் தொலைநோக்கி என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது இது முன்னைவிட முக்கியம். செயற்கை நுண்ணறிவு வரைந்த கற்பனைப் படங்களை உண்மைப் படங்களோடு கலந்து போடும் தளங்கள் பெருகிவிட்டன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படங்களின் நிறங்கள்கூட நம் கண்ணால் பார்க்கக்கூடியவை அல்ல. அது பிடிப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளி, நிறத்தைப் பிறகு கொடுக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டுப் போட்டால் நேர்மை.

படி 5: இது நம் வானமா?

வெளிநாட்டில் எழுதிய பல நல்ல தளங்கள் இந்த இடத்தில்தான் தடுமாறும். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்கள் லண்டன் வானத்தையோ நியூயார்க் வானத்தையோ பார்த்து எழுதுகிறார்கள். சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. இங்கே வானம் வேறு.

"ஜூன் 21 அன்றுதான் நண்பகல் சூரியன் வானில் மிக உயரத்தில் இருக்கும்" என்று எல்லாத் தளங்களிலும் வாசிக்கலாம். சென்னையில் அது உண்மை இல்லை. இங்கே சூரியன் தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். அந்த நாட்களில் நேராக நட்ட குச்சிக்கு நண்பகலில் நிழலே இருக்காது. நண்பகல் என்பது கடிகாரத்தில் சரியாக 12 அல்ல, சில நிமிடங்கள் தள்ளி வரும். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது, நாமோ அதற்கு மேற்கே 80.27-இல் இருக்கிறோம். ஜூன் 21 அன்று சூரியன் நம் உச்சியைத் தாண்டி வடக்கே 10 டிகிரி போயிருக்கும், குச்சியின் நிழல் தெற்கே விழும். "நண்பகலில் சூரியன் எப்போதும் தெற்கே" என்று தளம் சொன்னால், மே மாத வெயிலில் மாடியில் ஒரு நிமிடம் நின்று நிழலைப் பார்த்தாலே போதும்.

இரவுக்கு வருவோம். துருவ நட்சத்திரம் எந்த ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது அந்த ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. நமக்கு 13 டிகிரிதான். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அதைவிடக் கொஞ்சம் மேலே. பக்கத்து அடுக்குமாடி மறைத்துவிடும் உயரம் அது. சப்தரிஷி மண்டலம் வருடம் முழுக்க மறையாமல் சுற்றும் என்று தளம் சொன்னால் அதுவும் வட நாடுகளின் கதை. சென்னையில் அது உதித்து மறையும். அருந்ததியும் வசிஷ்டரும் அதில்தான் இருப்பதால், கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொன்ன நேரத்தில் அது வானில் இருக்குமா என்று வரைபடத்தில் பார்ப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

நமக்குக் கிடைத்திருக்கும் பேறு தெற்குப் பக்கம். சிரியஸுக்கு அடுத்தபடியாக இரவு வானில் பிரகாசமான விண்மீன் அகத்தியர் (ஆங்கிலத்தில் கனோபஸ்). லண்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ அதைப் பார்க்கவே முடியாது. நமக்கு பிப்ரவரி மாலைகளில் தெற்கே பளிச்சென்று நிற்கும். மே மாத இரவில், தெற்குத் தொடுவானம் மறையாத இடம் கிடைத்தால், தென்சிலுவையும் தெரியும். தளத்தின் "பிரகாசமான விண்மீன்கள்" பட்டியலில் அகத்தியர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறைச் சந்திரனும் அப்படித்தான். படங்களில் அது அடைப்புக்குறி போல நின்றுகொண்டிருக்கும். மாசி, பங்குனியில் நம் ஊரில் மூன்றாம் பிறை ஏறக்குறைய மல்லாந்து கிடக்கும். பிள்ளை நேரில் பார்த்து வரைந்த பிறையை "தப்பு" என்று திருத்தும் தளம் நமக்கு வேண்டாம்.

ஆகவே இந்தப் படியில் செய்ய வேண்டியது: வான வரைபடம் இருக்கும் தளமானால் இடத்தைச் சென்னைக்கு மாற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளின் இணையப் பதிப்பில் இது இலவசமாக முடியும். அப்புறம் இரவு எட்டு மணிக்கு மேலே போய் ஒப்பிடுங்கள். தி.நகர் வெளிச்சத்திலும் தெரியும் பெரிய விண்மீன்கள் போதும்: ஜனவரி முதல் மார்ச் வரை திருவாதிரை, ரோகிணி, சிரியஸ், மே, ஜூனில் சித்திரை, சுவாதி, ஜூலை, ஆகஸ்டில் மேகம் விட்டால் கேட்டை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்தச் சோதனையைத் தள்ளிவையுங்கள், வானம் ஒத்துழைக்காது.

"இன்றிரவு என்ன பார்க்கலாம்" பக்கங்களில் நேரம் யாருடையது என்றும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் இந்தியா முழுக்கத் தெரிந்தது. இரவு 11 மணி முதல் 12.22 வரை நிலா முழுதாக நிழலுக்குள் இருந்தது. அமெரிக்காவில் அது தெரியவில்லை. அமெரிக்க வாசகர்களுக்காக எழுதிய பக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் பிள்ளை அன்றைக்குத் தூங்கப் போயிருக்கும்.

படி 6: சூரியனைப் பார்க்கச் சொல்கிறதா?

இது ஒரே கேள்வி, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சூரியன், கிரகணம் பற்றிய பக்கத்தில், நேராகப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை செய்முறைக்கு முன்னால் வர வேண்டும், அடியில் சின்ன எழுத்தில் அல்ல. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி, மஞ்சள் தண்ணீரில் தெரியும் பிம்பம் ஆகியவற்றில் எதைப் பரிந்துரைத்தாலும் தளத்தை அப்போதே விட்டுவிடுங்கள். அட்டையில் ஊசித் துளை போட்டு நிழல் பக்கம் பிம்பத்தை விழவைக்கும் முறையையோ, ஐஎஸ்ஓ 12312-2 தரக் குறியீடு உள்ள கிரகணக் கண்ணாடியையோ சொல்லும் தளம் பொறுப்பானது. விழித்திரை சுடும்போது வலிக்காது. அதனால் பிள்ளைக்குத் தானாகத் தெரியாது.

படி 7: பிள்ளையோடு உட்காருங்கள்

இருபது நிமிடம் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். எங்கே நிற்கிறது, எங்கே தாண்டிப் போகிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு திரையை அணைத்துவிட்டு, பார்த்ததில் ஒன்றை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். ராக்கெட்டால் பாறையைச் சுட்டதை மட்டும் சொன்னால் அது விளையாட்டுத் தளம், வானியல் தளம் அல்ல. "அம்மா, நிலா தினமும் ஒரே நேரத்துக்கு வராதாமே?" என்று கேட்டால் தளம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

தினமும் நிலாவை வரை, நிழலை அள, மணலில் கல் போட்டுப் பள்ளம் செய் என்று பிள்ளையை எழுப்பிவிடும் தளங்களைத்தான் நான் முதலில் வைப்பேன். கேள்வி-பதில் மட்டும் இருந்து, தப்பான விடைக்கு ஏன் தப்பு என்று சொல்லாமல் சிவப்புக் குறி போடும் தளம் எனக்குப் பிடிக்காது.

தமிழில் படிக்கும் பிள்ளையானால் ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ் மூன்றாவது வரியிலேயே தடுக்கிவிடும். பள்ளிப் புத்தகத்தில் உள்ள கோள், துணைக்கோள், விண்மீன், ஒளியாண்டு போன்ற சொற்கள் வந்தால் வகுப்போடு சேர்த்துப் படிக்க வசதி.

நம் ஊர்க் கதையை எந்த வெளிநாட்டுத் தளமும் சொல்லாது, அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் இயங்கியது. 1861-இல் அங்கிருந்துதான் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு "ஏசியா" என்று பெயர் வைத்தார். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. தளத்தில் படித்த பிறகு கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள்; பிள்ளை என்ன கேட்கிறது என்பதை வைத்தே தளம் எவ்வளவு சொல்லிக்கொடுத்தது என்று தெரிந்துவிடும்.

படி 8: விளம்பரமும் விவரமும்

பிள்ளை பயன்படுத்தப்போகும் அதே போனில் திறந்து பாருங்கள். கணினியில் ஓரமாகத் தெரியும் விளம்பரம் போனில் பாடத்தின் நடுவில் வந்து நிற்கும். "பதிவிறக்கு" என்ற பொத்தான்களில் எது விளம்பரம் என்று உங்களுக்கே குழப்பம் வந்தால் பிள்ளைக்கு அது ஆகாது.

படிக்க மட்டும் பெயர், பள்ளி, போன் எண், புகைப்படம் கேட்டால் கொடுக்க வேண்டாம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. விவரம் சேகரிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றும், குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்றும் சொல்கிறது.

படி 9: முடிவெடுப்பது

மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. படி 6-இல் பூஜ்யம் வாங்கிய தளம் படங்களுக்கு முழு மதிப்பெண் வாங்கி ஈடுகட்ட முடியாது. சூரியப் பாதுகாப்பு, ஜோதிடக் கலப்பு, பிள்ளையின் விவரம் கேட்பது ஆகிய மூன்றில் ஒன்றில் தவறினாலும் வேண்டாம். பருவங்கள், பிறைகள் பற்றிய கருத்துப் பிழை இருந்தாலும் வேண்டாம். பழைய எண்களோ வட நாட்டு வானமோ இருந்தால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தத் தயாராக இருக்கும்வரை பரவாயில்லை. ஒரே தளத்தில் எல்லாம் கிடைக்காது. விளக்கத்துக்கு ஒன்று, வான வரைபடத்துக்கு ஒன்று என்று இரண்டை வைத்துக்கொள்வதே சரி.

பிழை கண்டால் தளத்துக்கு எழுதுங்கள். பிள்ளையையே எழுதவைத்து உங்கள் மின்னஞ்சலில் அனுப்புங்கள்: எந்தப் பக்கம், எந்த வரி, சென்னையில் நாங்கள் பார்த்தது என்ன. திருத்தும் தளத்தை நம்பித் தொடரலாம். ஆண்டுக்கு ஒருமுறை படி 2-ஐயும் படி 8-ஐயும் மட்டும் திரும்பச் செய்தால் போதும். முழுப் பரீட்சை விடுமுறை அதற்கு வசதி. ஏப்ரல் 24 குச்சிச் சோதனையும் அதே நாட்களில் வந்துவிடும்.